ஆண்கள் மட்டையும் ஒன்பது துப்பட்டாக்களும்

பட்டறை பாய் சுவிட்சைப் போட்டதும் மட்டை சுழல ஆரம்பித்தது. அதன் மேலிருந்த நீலக் கோடுகள் ஒரே நொடியில் கலந்து மங்கின. அவர் உளியைக் கொண்டுபோய் வைத்தார். மரம் சுருள் சுருளாக உரிந்து என் செருப்பின் மேல் விழுந்தது.

பக்கத்தில் நின்ற எஸ்தர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்த கடைசல் பட்டறை அது. கட்டில் கால், தொட்டில் கம்பு, சப்பாத்திக் கட்டை எல்லாம் கடைந்து கொடுப்பார்கள். எண்பதுகளின் கடைசி. நானும் எஸ்தரும் பி.ஏ. இறுதி ஆண்டு. சுழன்றுகொண்டிருந்த மட்டை கல்லூரியின் சொத்து. பயிற்சிக்கு வேண்டும் என்று சொல்லி, விளையாட்டு அறைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு அதை வெளியே எடுத்து வந்தவள் நான்.

இன்னும் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று பாய் கேட்டார். எஸ்தர் தன் தலை ரிப்பனை நீட்டினாள். அதில் பால்பாயிண்ட் பேனாவால் மூன்று கோடுகள் போட்டிருந்தாள்.

“இத்த சுத்திப் பாருங்க பாய். முனை அந்தந்தக் கோட்டுல வந்து சேரணும். அது வரிக்கும் எடுங்க.”

பாழாகிவிட்டால் தன்னைக் கேட்கக் கூடாது என்று அவர் எச்சரித்தார்.

“ஏற்கெனவே பாழாத்தான் கீது” என்றாள் எஸ்தர்.

அவள் சொன்னது சரி. ஏன் சரி என்று விளக்க, நான் ஒரு வருடம் பின்னால் போக வேண்டும். இந்தத் தொடரில் என் கல்லூரி நாட்கள் இனிமையாக வருகின்றன என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். இந்த வாரம் அவர் என்னை மன்னிக்க வேண்டும். இதை எழுத உட்கார்ந்தாலே எனக்குக் காது சூடாகிறது.

மூன்று ஆட்டம், ஒரு ரன் கிடையாது

எங்கள் கல்லூரியின் பெயர் வேண்டாம். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பார்த்தால் மரங்கள்தான் தெரியும். ஆண்களும் பெண்களும் சேர்ந்து படித்தார்கள். ஆண்களுக்கு பேஸ்பால் அணி இருந்தது. பெண்களுக்கு சாஃப்ட்பால். ஏறக்குறைய அதே ஆட்டம்தான். பந்து கொஞ்சம் பெரியது, கையைக் கீழிருந்து சுழற்றி எறிவார்கள், மட்டை மெல்லியது, எடையும் குறைவு. மூன்று முறை தவறவிட்டால் வெளியே போக வேண்டும்.

நாங்கள் மூன்று முறையும் தவறவிடுவதில் தேர்ச்சி பெற்றிருந்தோம்.

இரண்டாம் ஆண்டில் நகரத்துக்குள் நடந்த ஒரு போட்டிக்கு எங்களை அழைத்துப் போனார்கள். மூன்று ஆட்டங்கள் ஆடினோம். ஒருத்திகூட ஒரு சுற்று ஓடி வந்து ரன் எடுக்கவில்லை. பிடிப்பதில் நாங்கள் மோசமில்லை. எறிவதில் எஸ்தருக்கு ஈடு அங்கே யாருமில்லை. மட்டையைக் கையில் எடுத்தால் மட்டும் எல்லாம் போய்விடும். பந்து கடந்து போன பிறகுதான் எங்கள் மட்டை வந்து சேரும். எதிரணிப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். கடைசி ஆட்டத்தில் சிரிப்பதையும் விட்டுவிட்டார்கள். அது இன்னும் கேவலமாக இருந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் பி.டி. சார் பேசிக்கொண்டே வந்தார். அவர்தான் உடற்பயிற்சி இயக்குநர், ஆண்கள் பெண்கள் இரண்டு அணிகளுக்கும். பெண்களுக்குத் தோளில் பலம் இல்லை, சாப்பாடு சரியில்லை, கவனம் எல்லாம் வேறெங்கோ, இந்த ஆட்டமே பெண்களுக்கு ஆகாது. ஒன்பது பேரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம். நான் அதை நம்பவும் செய்தேன். அதை நினைத்தால்தான் இப்போது அதிக ஆத்திரம் வருகிறது.

சிவப்புச் சட்டைக்காரி

எஸ்தர் நம்பவில்லை. அவள் மேடவாக்கத்துப் பெண். இன்று அங்கே அடுக்குமாடிக்கு நடுவே தண்ணீர் லாரி நுழைய இடமில்லை. அன்று தாம்பரத்திலிருந்து பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். அவள் அப்பா பல்லாவரம் பக்கம் கல் உடைக்கப் போய்க்கொண்டிருந்தார். அம்மா கட்டட வேலையில் சித்தாள். விடுமுறையில் எஸ்தரும் அம்மாவோடு போய் ஜல்லி சுமப்பாள். தோளில் பலமில்லை என்று அவளைப் பார்த்துச் சொன்னது எவ்வளவு பெரிய அபத்தம் என்று யோசித்துப் பாருங்கள்.

அன்று கடைசி ஆட்டம் முடிந்து, நாங்கள் வேன் ஏறும் முன்பே எதிரணித் தலைவி எங்கள் பக்கம் வந்தாள். சிவப்புச் சட்டை, குட்டை முடி. எங்கள் மட்டையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

“இது பசங்களோட பேஸ்பால் பேட். இத வெச்சா ஆடறீங்க?”

எங்களுக்கு வேறு மட்டையே தெரியாது. ஆண்கள் அணி பயன்படுத்தி ஒதுக்கியதைத்தான் எங்களிடம் கொடுத்திருந்தார்கள். அவள் தன் மட்டையை எஸ்தர் கையில் கொடுத்தாள். எஸ்தர் அதை ஒரு முறை வீசினாள். பிறகு என்னிடம் கொடுத்தாள். வீசியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அது என் கையோடு வந்தது.

எஸ்தர் அழவில்லை. ரிப்பனை அவிழ்த்து அந்த மட்டையின் முனையில், நடுவில், பிடிக்கு மேலே என்று மூன்று இடத்தில் சுற்றி, சுற்றளவைக் குறித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். நீங்கள் எல்லோரும் கையால் மட்டுமே அடிக்கிறீர்கள். முதலில் கால், அப்புறம் இடுப்பு, கடைசியில்தான் கை. இடுப்பு திரும்பினால் மட்டை தானாக வரும்.

எங்களுக்கு அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. இடுப்பைத் திருப்பக் கூடாது என்பது பி.டி. சாரின் உத்தரவு. பையன்கள் பார்க்கிறார்கள், நன்றாக இல்லை என்பார். அதே காரணத்துக்காகத் துப்பட்டா போட்டுக்கொண்டுதான் மைதானத்தில் இறங்க வேண்டும். இரண்டு தோளிலும் ஊக்கு குத்தி, நடுவில் ஒரு ஊக்கு. வேகமாக வீசினால் மட்டையின் பிடியில் துணி சுற்றிக்கொள்ளும். அதனால் எல்லோரும் பாதி வேகத்தில் வீசப் பழகியிருந்தோம்.

இந்த இடத்தில் என் பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வருகிறது. குரோம்பேட்டையில் பெண்கள் பள்ளி. பையன் ஒருவன்கூட இல்லாத மைதானம். அங்கேயும் ஓட்டப் பந்தயத்தில் தாவணியோடுதான் ஓடினோம். முதலில் வந்துகொண்டிருந்த ஒரு பெண் கோட்டுக்கு நாலடி முன்னால் தாவணி தடுக்கி விழுந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம். ஓடி வந்த டீச்சர் முதலில் அவள் தாவணியைத்தான் சரிசெய்தார். எங்களுக்கு அது தப்பாகவே தோன்றவில்லை.

புளியமரத்தடி

கல்லூரிக்குத் திரும்பியதும் நானும் எஸ்தரும் பி.டி. சாரிடம் போனோம். சாஃப்ட்பால் மட்டை ஒன்று வாங்கித் தர முடியுமா என்று பணிவாகவே கேட்டோம். அவர் ஆண்கள் அணிக்கு வந்திருந்த புதுக் கையுறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். புதுத் தோல் வாசனை அறை முழுக்க இருந்தது.

“பேட்டுன்னா பேட்டுதாம்மா. ஆடத் தெரிஞ்சவளுக்கு எது குடுத்தாலும் ஆடலாம்” என்றார், தலை நிமிராமல்.

அடுத்த சில மாதங்கள் சனிக்கிழமைதோறும் நாங்கள் மேடவாக்கம் போனோம். சில வாரம் நான்கு பேர், சில வாரம் ஒன்பது பேரும். எஸ்தர் வீட்டுக்குப் பின்னால் ஒரு புளியமரம். பழைய பந்து ஒன்றைக் காலுறைக்குள் போட்டு, இடுப்பு உயரத்தில் கிளையிலிருந்து தொங்கவிட்டோம். துப்பட்டாக்களை மடித்துக் கொடியில் போட்டோம்.

முதல் சில வாரம் மட்டையே இல்லை. வெறுமனே நின்று திரும்பினோம். பின்னங்காலின் முன்பாதம் மண்ணைத் திருக வேண்டும். இடுப்பு பந்தைப் பார்க்க வேண்டும். அதுவரை கைகள் தோள் பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும். சொல்ல எளிது. கைகள் காத்திருக்காது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது டி.வி.யில் பார்த்த கிரிக்கெட். மட்டை கையில் வந்ததும் உடம்பு குனிந்துவிடும். எஸ்தர் பின்னால் நின்று என் தோளைப் பிடித்து நிமிர்த்துவாள்.

“கைய இழுத்துக்கினு ஓடாத. இன்னா அவசரம் உனக்கு? மொதல்ல இடுப்பு.”

பிறகு விறகுக் கட்டையால் தொங்கும் பந்தை அடித்தோம். சரியாகப் பட்டால் நேராகப் போய் நேராகத் திரும்பி வரும். தப்பாகப் பட்டால் கோணல் மாணலாகச் சுற்றி நம் மூக்குக்கே வரும். அந்தப் பந்தை யாராலும் ஏமாற்ற முடியாது. அப்புறம் துணிப் பந்துகள் மேல் மையால் ஒரு எழுத்து எழுதி, பக்கத்திலிருந்து ஒருத்தி தூக்கிப் போடுவாள். அடிப்பவள் எழுத்தைச் சொல்லிக்கொண்டே அடிக்க வேண்டும். கண் பந்திலேயே நிற்க எஸ்தர் கண்டுபிடித்த வழி அது. முதல் நாள் நான் ‘க’ என்று சொன்னதெல்லாம் ‘ச’வாக இருந்தது.

ஞாயிறன்று உள்ளங்கைக் கொப்புளத்தோடு சாம்பார் சாதம் பிசையும்போது எரியும். அந்த எரிச்சல்கூட எனக்குப் பிடித்திருந்தது.

விறகுக் கட்டையில் எல்லாம் சரியாக வந்தது. கல்லூரி மட்டையைத் தூக்கினால் மறுபடி தாமதம். இறுதி ஆண்டுப் போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தபோதுதான் எஸ்தர் அந்தக் கடைசல் பட்டறையைச் சொன்னாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட நான் முன்வந்தேன். என் மேல் யாருக்கும் சந்தேகம் வராது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பாய் வேலையை முடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்துக் கொடுத்தார். ரிப்பன் மூன்று இடத்திலும் சரியாக வந்து சேர்ந்தது. எஸ்தர் சந்திலேயே நின்று ஒரு முறை வீசினாள். காற்றில் விஷ்ஷென்று ஒரு சத்தம். அந்த மட்டையிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நாங்கள் கேட்டதே இல்லை.

பெஞ்சின் மேல் ஒன்பது

போட்டியன்று காலை பி.டி. சார் மற்ற கல்லூரிக்காரர்களோடு டீ குடிக்கப் போயிருந்தார். எஸ்தர் தோளில் இருந்த ஊக்கைக் கழற்றினாள். துப்பட்டாவை மடித்து பெஞ்சில் வைத்தாள். நான் அடுத்து வைத்தேன். ஒவ்வொருத்தியாக வைத்தார்கள். ஊக்குகளை ஒருத்தி டிபன் பாக்ஸ் மூடியில் சேர்த்தாள்.

அவர் திரும்பி வந்தபோது ஒன்பது துப்பட்டாக்களும் பெஞ்சில் அடுக்கியிருந்தன. ஆட்டம் தொடங்கிவிட்டிருந்தது. அவர் வாயைத் திறந்தார். நடுவர் திரும்பிப் பார்த்தார். சார் வாயை மூடிக்கொண்டார்.

எஸ்தர் மூன்றாவதாக இறங்கினாள். முதல் பந்தை விட்டாள். இரண்டாவது பந்துக்கு அவள் பின்னங்கால் மண்ணைத் திருகியதை நான் பார்த்தேன். பந்து இரண்டு பேருக்கு நடுவில் விழுந்து வேலிவரை உருண்டது. அவள் ஓடினாள். நான் பெஞ்சின் மேல் ஏறி நின்று அவள் பெயரைக் கத்திக்கொண்டிருந்தேன். சுற்றி வந்து, அடிக்க நின்ற இடத்திலிருந்த வெள்ளைப் பலகையை மிதித்தபோது அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. ஏதோ நியாயம் கேட்டுவிட்டு வந்தவள் போலிருந்தாள்.

அன்று நான்கு ரன் எடுத்தோம். இரண்டு எஸ்தர், ஒன்று நான். ஆட்டத்தில் தோற்றோம். ஆனாலும் பல்கலைக்கழக அணிக்கு ஆள் பார்க்க வந்திருந்தவர் நேராக பி.டி. சாரிடம் வந்து எஸ்தரின் பெயரைக் கேட்டார். நோட்டில் எழுதிக்கொண்டார். பயிற்சி முகாமுக்குக் கல்லூரியிலிருந்து முறைப்படி பெயரை அனுப்பச் சொன்னார்.

திரும்பும்போது வேனில் பி.டி. சார் மட்டையைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீலக் கோடுகள் இல்லை.

“யார் செஞ்சது இது?”

பதில் சொல்ல வேண்டும் என்று மூச்சை இழுத்தேன். அதற்குள் எஸ்தர் சொல்லிவிட்டாள்.

“நாந்தான் சார்.”

காய்ச்சல்

கல்லூரி உடைமையைச் சேதப்படுத்தியதற்காக எஸ்தரை அணியிலிருந்து நீக்குவதாக அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். பதிவேட்டில் என் கையெழுத்து இருந்தது. பி.டி. சார் அதைப் பார்க்காமல் இல்லை. என் அப்பா அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், கேள்வி கேட்க வருவார். எஸ்தரின் அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர மாட்டார். கணக்கு அவ்வளவுதான்.

மீதி எட்டுப் பேரும், எல்லோரும் சேர்ந்துதான் செய்தோம் என்று எழுதிக் கையெழுத்திட்டு முதல்வரிடம் கொடுத்தோம். முதல்வர் கெட்டவர் இல்லை. அப்படியானால் ஒன்பது பேரையும் நீக்க வேண்டியிருக்கும், அது வேண்டாமே என்று சொல்லிக் கடிதத்தை ஃபைலில் வைத்தார்.

ஒரு வாரம் கழித்து பி.டி. சார் என்னைக் கூப்பிட்டார். முகாமுக்கு என் பெயரை அனுப்பியிருப்பதாகச் சொன்னார். சிரித்த முகம். அப்பாவிடம் சொல்லச் சொன்னார்.

நான் போகவில்லை. எஸ்தருக்கு உரிய இடத்தில் போய் நிற்க மனம் வரவில்லை. ஆனால் அவரிடம் அதைச் சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று சீட்டு எழுதி அனுப்பினேன். பெரிய தியாகம் செய்துவிட்ட நினைப்போடு எஸ்தரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

“எனக்காவ போவலன்னு அவுருக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“அப்ப இன்னா பிரயோஜனம்? நானும் போவல, நீயும் போவல. அவுரு நிம்மதியாத்தான் கீறாரு. ஒண்ணு போயி ஆடியிருக்கணும். இல்ல மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கணும். நீ ரெண்டும் செய்யல.”

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வகுப்பில் வேறு வரிசைக்கு மாறி உட்கார்ந்தாள். நான் அவள் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

ஆண்டறிக்கை

கல்லூரி ஆண்டு விழாவில் பி.டி. சார் விளையாட்டுத் துறையின் அறிக்கையை வாசித்தார். சாமியானா, வாடகை நாற்காலிகள், ரோஸ்மில்க் வாசனை. ஆண்கள் அணிபற்றி நிறைய வாசித்தார். பெண்கள் அணி முதன்முறையாக ரன்கள் எடுத்தது என்றார். அதற்கு அடுத்த வாக்கியம் எனக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கிறது.

“நமது துறையின் முயற்சியால் மட்டை பெண்களுக்கு ஏற்றபடி சீரமைத்து வழங்கப்பட்டது.”

கைதட்டினார்கள். நான் எஸ்தரைத் தேடினேன். மூன்று வரிசை முன்னால் இருந்தாள். அவள் தலை குனிந்திருந்தது.

நான் எழுந்து நின்றதை நானே அறியவில்லை. கைதட்டல் ஓயும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

“சார், மட்டைய சீவினது எஸ்தர். பதிவேட்டுல கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போனது நான். அதுக்குத்தான் அவள டீம்லேர்ந்து எடுத்தீங்க. எனக்குக் காய்ச்சல்னு சொன்னதும் பொய். அவ இடத்துல போகப் பிடிக்கல.”

என் குரல் கடைசி வரிசைவரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த பத்தியை வாசிக்கத் தொடங்கினார்.

மறுநாள் அப்பாவை வரச் சொன்னார்கள். அப்பா வம்புக்குப் போகாத மனிதர், பஸ்ஸில் காலை மிதித்தவரிடம்கூட அவர்தான் மன்னிப்புக் கேட்பார். நான் கையெழுத்திட வேண்டிய மன்னிப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தார்கள். அப்பா இரண்டு முறை படித்தார். இதில் என் பெண் சொன்னது பொய் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். முதல்வர் அப்படி எதுவும் இல்லை என்றார். அப்பா கடிதத்தை மடிக்காமல், கசக்காமல் மேஜை மேலேயே வைத்துவிட்டு, வா போகலாம் என்றார். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை.

அந்த ஞாயிறு எஸ்தர் குரோம்பேட்டைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அடுக்களையில் உட்கார்ந்து அம்மா வார்த்த தோசையைச் சாப்பிட்டாள். போகும்போது அடுத்த சனிக்கிழமை மேடவாக்கம் வருவாயா என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஆண்டு பெண்கள் அணிக்கு டி-ஷர்ட்டும் சாஃப்ட்பால் மட்டைகளும் வந்ததாகக் கேள்விப்பட்டேன். நாங்கள் அதற்குள் வெளியே வந்திருந்தோம். முகாமுக்குப் போகும் வாய்ப்பு எஸ்தருக்கு மறுபடி வரவே இல்லை.

படிப்பு முடிந்து கொஞ்ச காலம் கழித்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலைக்கு அவள் நேர்காணலுக்குப் போனாள். பல்கலைக்கழகத்துக்கு ஆடிய சான்றிதழ் கேட்டார்கள். இல்லை என்றாள். இவ்வளவு நன்றாக ஆடியதாகச் சொல்கிறாயே, ஏன் பெயர் அனுப்பவில்லை என்று கேட்டார்கள். மட்டை கனமாக இருந்தது, சீவினோம், அதனால் அனுப்பவில்லை என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

அந்த வேலை கிடைக்கவில்லை. பிறகு பொதுத் தேர்வு எழுதி, மூன்றாவது முறையில், வேறொரு அலுவலகத்தில் சேர்ந்தாள். அந்த நேர்காணல் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த மூன்று பேரைப் போலவே நடித்துக் காட்டி எஸ்தரும் சிரிப்பாள். எனக்கு இன்றுவரை சிரிப்பு வந்ததில்லை.